சவ்வில் ஒரு கறுப்புப் பொட்டு இல்லை

வாம்மா, உள்ள வா. செருப்பைக் கழட்ட வேண்டாம், அப்படியே வா. கால்ல மெத்துன்னு ஏதாவது உரசினா பயந்து உதறிடாதே, அது பூசாரி. என் முயல். மேசைக்கு அடியிலதான் இருப்பான். புது ஆள் வந்தா ஒரு தடவை மோந்து பார்ப்பான், அப்புறம் அவன் பாட்டுக்குப் போய்ப் படுத்துக்குவான். நெத்தியில கோடு கோடா இருக்கு பாரு, பட்டை போட்ட மாதிரி. அதான் அந்தப் பேரு.

உக்காரு. டீ சொல்லியிருக்கேன். சர்டிபிகேட்டை எல்லாம் திரும்ப எடுத்து நீட்டாதே, மெயில்லயே பார்த்துட்டேன். மார்க் எல்லாருக்கும்தான் இருக்கு. நாகஜோதிக்கு உன்னை விட அதிகம்.

பார்த்தியா, பேரைக் கேட்டதும் முகம் மாறுது. கீழ பஸ் ஸ்டாண்டுல இறங்கினதுமே யாராவது சொல்லியிருப்பாங்க. இல்லேன்னா ஹாஸ்டல் பிள்ளைங்க. என்னன்னு சொன்னாங்க? விசாலாட்சி மேடம் பிள்ளைங்களைப் பிடிச்சு உண்ணிக்குப் போடுறாங்கன்னா? பரவாயில்ல, சொல்லு. அப்படித்தான் பேசிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இன்டர்வியூ கிண்டர்வியூன்னு ஒண்ணும் வைக்காம, நடந்ததை நானே முதல்ல சொல்லிடுறேன். என் வாயால கேட்டுக்கோ. கேட்டுட்டு நீயே சொல்லு, தப்பு யார் மேலன்னு.

இங்க மாட்டு உண்ணி வளர்க்கிறோம். அது உனக்குத் தெரியும். உண்ணியால மாட்டுக்கு வர்ற காய்ச்சலுக்கு மருந்து பார்க்கணும்னா, நோய் இல்லாத உண்ணி வேணும், தலைமுறை தலைமுறையா வேணும். உண்ணிக்கு ரத்தம் தவிர வேற சாப்பாடு கிடையாது. குடிச்சு நிறைஞ்சாத்தான் கீழ விழும், விழுந்தாத்தான் முட்டை போடும். குடிக்கலேன்னா அந்தக் கூட்டமே அத்தோட முடிஞ்சுது.

இத்தனை வருஷமா அதுக்கு என்ன பண்ணிட்டிருந்தோம்? முயல். காதுல துணிப்பையைக் கட்டி உள்ள உண்ணியை விடுறது. இல்லேன்னா முதுகுல முடியை மழிச்சுட்டு, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியைப் பசை போட்டு ஒட்டி, அதுக்குள்ள உண்ணியை விட்டு, மேல வலைத்துணியால மூடிடுறது. முயல் சொறியக் கூடாதுன்னு கழுத்துல அட்டையை மாட்டிடுவாங்க. அது அப்படியே உக்காந்திருக்கும். முயல் கத்தாதும்மா. அதுதான் எனக்குத் தாங்காது. வாய் விட்டுக் கத்துற பிராணின்னா நமக்கும் புரியும். இது ஒண்ணும் சொல்லாது, தீனியை மட்டும் நிறுத்திடும். நாம காலையில வந்து பார்த்து, "என்ன, சாப்பிடலையா"ன்னு கேட்டுட்டுப் போயிடுவோம்.

பூசாரியோட இடது காதைப் பாரு. பாதி இல்ல. நான் இங்க பொறுப்புக்கு வந்த புதுசுல, கழுத்து அட்டையைத் தள்ளிட்டு அவனே பிச்சுக்கிட்டான். அவனை மடியில வெச்சுக்கிட்டு நான் அழுத அழுகை இந்த பில்டிங்குக்கே தெரியும். அன்னைக்கு முடிவு பண்ணேன். என் ஆய்வகத்துல இனி ஒரு உண்ணி உயிருள்ள ஒரு மிருகத்து மேலயும் வாய் வைக்கக் கூடாது. எத்தனை பேர் கிண்டல் பண்ணாங்க தெரியுமா? "விசாலாட்சி மேடம் உண்ணிக்குப் புட்டிப்பால் கொடுக்கப் போறாங்க"ன்னு. கொடுக்கத்தான் போறேன்னு சொன்னேன்.

நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. வெளிநாட்டுல சில இடத்துல செஞ்சிருக்காங்க. ஒரு கண்ணாடிக் குழாய். அடியில சவ்வு. லென்ஸ் துடைக்கிற மெல்லிசுத் தாள்ல சிலிக்கான் பசையைத் தடவிக் காயவெச்சா, தோல் மாதிரி ஒண்ணு வரும். அதுக்குக் கீழ வெதுவெதுன்னு மாட்டு ரத்தம். வெட்டுற இடத்துலேர்ந்து வாங்கிட்டு வந்து, உறையாம இருக்கக் கண்ணாடி மணியைப் போட்டுச் சுழட்டி வெச்சது. குழாய்க்குள்ள உண்ணியை விட்டா, அது சவ்வைத் தோல்னு நினைச்சுக் குத்தி, கீழ இருக்கிற ரத்தத்தைக் குடிக்கணும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ரத்தத்தை மாத்தணும். அவ்வளவுதான். கேட்க எவ்வளவு லேசா இருக்கு பாரு.

டீ வந்துடுச்சு. எடுத்துக்கோ. சர்க்கரை கம்மியாத்தான் போடுவான்.

அந்த நேரத்துலதான் நாகஜோதி வந்து சேர்ந்தா. விளாத்திகுளமோ சாத்தூரோ, அந்தப் பக்கம். ஒல்லியா, நெடுநெடுன்னு. பேசவே மாட்டா. கேட்ட கேள்விக்குப் பதில், அது முடிஞ்சா தரையைப் பார்ப்பா. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. வாயாடிங்களை வெச்சுக்கிட்டு நான் பட்டது போதும். கை சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். இந்த வேலைக்கு அதுதான் முக்கியம், ஏன்னா ரத்தத்துல ஒரு துளி பூஞ்சை விழுந்தா எல்லாம் போச்சு. ஹாஸ்டல்லேர்ந்து ரெண்டு வேளையும் ஏறி இறங்குறது கஷ்டம்னு, லேபுக்குப் பக்கத்து அறையிலேயே அவளுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தேன். ஃபேன் கூட புதுசு. யாரு செய்வாங்க சொல்லு?

ஆனா உண்ணி லேசுப்பட்டது இல்லம்மா. அதை ஏமாத்துறது, ஒரு மாமியாரை ஏமாத்துறதை விடக் கஷ்டம். சூடு சரியா இருந்தா வாசனை இல்லேங்கும். வாசனைக்கு மாட்டு முடியை வெட்டி ஒட்டினா, மூச்சுக்காத்து இல்லேங்கும். குழாய்க்குள்ளயே சுத்திச் சுத்தி வந்து, காஞ்சு செத்துடும். தினம் காலையில நாகஜோதி இந்தக் கதவுல வந்து நிப்பா. "ஒட்டல, மேடம்." மறுநாள், "ஒட்டல, மேடம்." ஒரு மனுஷிக்குக் காலங்காத்தால இதையே கேட்டா எப்படி இருக்கும்? நான் கோவக்காரிதான், அதை மறைக்கல.

இதுக்கு நடுவுல ஞானராஜ் சார். எங்க ஆராய்ச்சியை மேற்பார்வை பார்க்கிற கமிட்டியோட தலைவர். முயல் இல்லாம உண்ணி ஆராய்ச்சியா, அடுப்பு இல்லாமச் சமையலான்னு மீட்டிங்கிலேயே கேட்ட மனுஷன். அவர் தெளிவாச் சொல்லிட்டார். வைகாசி மாசம் கமிட்டி நேர்ல வரும். அதுக்குள்ள சவ்வுல குடிச்சு நிறைஞ்ச உண்ணியைக் காட்டணும். இல்லேன்னா முயல் வளர்ப்புக்கே திரும்பணும், முடியாதுன்னா லேபை இழுத்து மூடணும். லேபை மூடினா நாகஜோதியோட டாக்டர் பட்டமும் அத்தோட காலி. பாதிக் கிணறு தாண்டி நிக்கிறா. அவளுக்கும் அது தெரியும். நான்தான் தினம் ஞாபகப்படுத்துவேனே.

ஒருநாள் வந்து நின்னா. வழக்கம் போல ஒட்டலைன்னு சொல்லப் போறான்னு பார்த்தா, வேற சொன்னா. "மேடம், இருக்கிற உண்ணியெல்லாம் சாகுற கட்டத்துல இருக்கு. இந்தத் தடவை குடிக்கலேன்னா முட்டையே கிடையாது. கூட்டமே போயிடும். இந்த ஒரே ஒரு தடவை மட்டும் ஒரு முயல்..."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. யார்கிட்ட வந்து என்ன கேட்கிறா பாரு! பூசாரி அப்போ என் மடியில இருக்கான். நான் எழுந்துட்டேன். "அப்படியா? போ. பின்னாடி முயல் கூண்டுல சங்கு இருக்கா, மல்லி இருக்கா, கிண்ணம் இருக்கா. இவனும் இருக்கான். எது வேணுமோ நீயே எடுத்துட்டு வா. நீயே மழி. நீயே ஒட்டு. என் கண்ணு முன்னால ஒட்டு"ன்னு சொன்னேன்.

போனா. ரொம்ப நேரம் ஆளைக் காணோம். நான் ஜன்னல் வழியாப் பார்க்கிறேன், கூண்டுக்கு முன்னாடி குத்த வெச்சு உக்காந்திருக்கா. கம்பிக்குள்ள விரலை விட்டு மல்லியைத் தடவிக்கிட்டிருக்கா. அப்புறம் வெறுங்கையோட வந்தா. "என்னால முடியல மேடம்"னா.

"அப்போ சவ்வுல குடிக்க வை. எப்படியோ குடிக்க வை. ஒட்டலைன்னு சொல்றதுக்கு இனிமே இந்த ரூம் பக்கம் வராதே"ன்னுட்டேன்.

கோவத்துல நாலு வார்த்தை சொல்றதுதான். பெத்த அம்மா சொல்ல மாட்டாளா? அதைப் போய் ஒருத்தி மனசுல அப்படியே எடுத்துக்குவாளா? ஆனா ஒண்ணு, முயல் மேல கை வைக்காம வந்தா பாரு, அதுல எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். நல்ல பொண்ணுன்னு நினைச்சேன்.

அப்புறம் கொஞ்ச நாள் அவ வரல. நானும் கூப்பிடல. லேபை எட்டிப் பார்ப்பேன், தலையைக் குனிஞ்சு வேலை செஞ்சுட்டிருப்பா. அந்த வெயில்ல முழுக்கைச் சட்டை, மேல கோட்டு. இப்போதான் பொண்ணுக்கு லேப் ஒழுக்கம் வந்திருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

அந்த நாள்லதான் ஒரு தடவை பழைய அலமாரியைத் திறந்தேன். முயலுக்கு ஒட்டுற பிளாஸ்டிக் டப்பி ஒரு பெட்டி நிறைய இருந்துச்சு, அதைத் தூக்கிப் போடுன்னு நான் எப்பவோ சொன்னது. பெட்டி பாதியாயிருக்கு. பசைப் புட்டியும் காலி. சரி, ஒருவழியா ஒழிச்சுக்கட்ட ஆரம்பிச்சிருக்கான்னு பார்த்தேன். மனசுக்கு அவ்வளவு நிம்மதி.

ஒரு காலையில கதவுகிட்ட நிழல். நாகஜோதி. கையில கண்ணாடிக் குழாய்.

"மேடம், ஒண்ணு விழுந்திருக்கு."

கொட்டமுத்து பார்த்திருக்கியா? ஆமணக்கு விதை. நிறைஞ்ச உண்ணி அப்படியே அதுமாதிரிதான் இருக்கும், சாம்பல் கலர்ல, மினுமினுன்னு. குழாய்க்கு அடியில சவ்வு மேல கிடக்கு. நான் அவளை அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். "ஸ்ஸ்"ன்னு விலகினா. என்னடின்னு கேட்டேன். "கை மடங்கிப் படுத்துட்டேன் மேடம், வலிக்குது"ன்னா. அன்னைக்கு பில்டிங் முழுக்கக் கேசரி கொடுத்தேன். கிண்டல் பண்ணவங்களுக்கு ரெண்டு கரண்டி.

அப்புறம் மழை கொட்டின மாதிரிதான். ரெண்டு விழுந்துச்சு, நாலு விழுந்துச்சு. முட்டை போட்டுச்சு, அதெல்லாம் பொரிஞ்சுது. நான் குழாயை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பேன். சவ்வு பளிச்னு இருக்கும், கண்ணாடி மாதிரி. ஒரு கறுப்புப் பொட்டு இருக்காது. "நாகஜோதி, உன் கையைக் காட்டு, கண்ணுல ஒத்திக்கிறேன். என்ன சுத்தம்டி இது"ன்னு சொல்வேன். கையைப் பின்னாடி கட்டிக்குவா. கூச்சம்னு நினைச்சேன்.

நீ ஏன் அப்படிப் பார்க்கிறே? இரு, இரு. உனக்குத் தெரிஞ்சுடுச்சா? உண்ணியைப் பத்திப் படிச்சுட்டு வந்திருக்கே போல. குடிக்கிற உண்ணி சும்மா இருக்காது, குடிக்கக் குடிக்கக் கறுப்புப் பொடியாக் கழிச்சுக்கிட்டே இருக்கும். சவ்வு முழுக்க மிளகுத்தூளைக் கொட்டின மாதிரி ஆயிடும். எனக்கு மட்டும் அது தெரியாதா? இருபத்திச் சொச்சம் வருஷம் சர்வீஸ். தெரியும். ஆனா கூடவே இருக்கிற ஒருத்தி மேல நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கில்ல? தினம் துடைச்சு வெக்கிறான்னு நினைச்சேன். நம்பினது ஒரு குத்தமா?

நடுவுல ஒருநாள் இந்த ரூமுக்கு வந்தா. வேலை எதுவும் இல்ல, சும்மா வந்தா. அதிசயமா இருந்துச்சு. கீழ உக்காந்து பூசாரியோட காதைத் தடவிக்கிட்டே இருந்தா. "இது எத்தனை நாள் வலிச்சிருக்கும் மேடம்?"னு கேட்டா.

"ஒட்டின இடம் ஆறுறதுக்கே ரொம்ப நாளாகும்மா. அதுலயும் திரும்பத் திரும்ப ஒரே முயலுக்கு ஒட்டினா, கடிச்ச இடம் கட்டி கட்டியா வீங்கிடும். உடம்பே உண்ணியை எதிர்க்க ஆரம்பிச்சுடும்"னு சொன்னேன்.

"எதிர்க்க ஆரம்பிச்சா என்ன ஆகும்?"

"முயல் தாங்காது"ன்னேன்.

"சரி மேடம்"னு எழுந்து போயிட்டா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வாயில்லா ஜீவன் மேல இவ்வளவு இரக்கம் எங்க இருக்கு? என்னைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்தக் குணம் வந்துச்சுன்னு இப்பவும் சொல்வேன்.

டீ ஆறுது. குடி.

வைகாசி வந்துச்சு. கமிட்டியும் வந்துச்சு. ஞானராஜ் சாரும், இன்னும் சிலரும். நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன், சிரிக்காதே. குழாய்களை வரிசையா அடுக்கி, நிறைஞ்ச உண்ணியைத் தனித்தனியா வெச்சு, முட்டைக் குவியல், குஞ்சு எல்லாம் வெச்சாச்சு. நாகஜோதி பக்கத்துல நிக்கிறா. காலையிலேர்ந்தே முகம் ஒரு மாதிரி உப்பியிருந்துச்சு. தூங்கலபோலன்னு விட்டுட்டேன்.

ஞானராஜ் சார் ஒவ்வொரு குழாயா எடுத்து, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுப் பார்க்கிறார். கடைசிக் குழாயைக் கீழ வெச்சுட்டு அவளைப் பார்த்துக் கேட்டார். "கழிவு எங்கம்மா?"

நான் சொன்னேன், "அவ அவ்வளவு சுத்தம் சார். தினம் துடைச்சுடுவா."

அவர் என்னைப் பார்க்கவே இல்ல. "நான் அந்தப் பொண்ணைக் கேட்டேன். சரி, கழிவு வேண்டாம். இப்போ சவ்வுல வாய் வெச்சுக் குடிச்சுக்கிட்டிருக்கிற ஒரு உண்ணியைக் காட்டு. ஒண்ணே ஒண்ணு போதும்."

எனக்கு அவர் மேல வந்த ஆத்திரம் இருக்கே! ஒரு சின்னப் பொண்ணைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு இப்படியா? "காட்டு நாகஜோதி. காட்டு. எந்தக் குழாய்ல இருக்கு?"ன்னு நானும் கேட்கிறேன். அவ குழாயை எடுக்கல. கழுத்தைச் சொறியறா. கழுத்துல திட்டுத் திட்டாச் சிவந்து கிளம்புது, நான் பார்க்கும்போதே மேல ஏறுது, தாடைக்கு வருது. உதடு வீங்குது. "மேடம்"னு கூப்பிட்டா. குரலே வரல, காத்துதான் வருது. மேசை விளிம்பைப் பிடிச்சா, ரெண்டு குழாய் உருண்டு கீழ விழுந்து உடைஞ்சுது, பின்னாடியே இவளும் விழுந்தா.

உண்மையைச் சொல்றேன், முதல்ல நடிக்கிறான்னுதான் நினைச்சேன். "எழுந்திரு, குழாயெல்லாம் போச்சு பாரு"ன்னு அதட்டினேன். ஞானராஜ் சார்தான் தரையில உக்காந்து மூக்குகிட்ட கை வெச்சுப் பார்த்துட்டு, "ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க!"ன்னு கத்தினார். என் மடியிலதான் தலையை வெச்சுக்கிட்டுப் போனேன். கீழ இறங்குற வளைவுல மூச்சு இழுக்குது, நிக்குது. இழுக்குது, நிக்குது. போயிட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்னு மனசு அடிச்சுக்குது. எத்தனை சாமியைக் கூப்பிட்டேன்னு எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில ஊசி போடணும்னு நர்ஸ் கையை மடிக்கப் பார்த்தாங்க. கை வீங்கிச் சட்டை ஏறல. கத்தரியை எடுத்து மணிக்கட்டிலேர்ந்து தோள் வரைக்கும் வெட்டினாங்க.

உள்ள டப்பி.

முயலுக்கு ஒட்டுற அதே டப்பி. அதே பசை. மேல வலைத்துணியை நல்ல நேர்த்தியா ஒட்டியிருந்தா. சுத்தி முழுக்கப் பழைய வட்டம், ஆறினது பாதி, ஆறாதது பாதி, மேல மேல. இன்னொரு கையை வெட்டினாங்க. அதுலயும் ஒண்ணு. அது அன்னைக்குக் காலையில ஒட்டினதாம், கமிட்டி வருதுன்னு புதுசா விட்டிருக்கா. அதுதான் அவளைச் சாய்ச்சிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். முன்ன கடிச்சதையெல்லாம் உடம்பு ஞாபகம் வெச்சிருந்து ஒரே நேரத்துல எதிர்த்திடுச்சாம்.

நர்ஸ் இடது கை டப்பியைப் பிச்சுட்டு, உள்ள இருந்ததை இடுக்கியால பிடுங்கப் போனாங்க. நான் தடுத்தேன். "பிடுங்காதீங்க! இன்னும் கொஞ்ச நேரத்துல தானா விழுந்துடும்"னு சொன்னேன். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! ஏன்மா, பாதியில பிடுங்கினா வாய் உள்ளேயே நின்னு சீழ் பிடிக்காதா? அவளோட நல்லதுக்குத்தானே சொன்னேன்? அதைப் போய், மேடம் அப்பவும் உண்ணியைக் காப்பாத்தப் பார்த்தாங்கன்னு ஊர் பூராப் பரப்பிட்டாங்க. கடைசியில டாக்டர் பக்குவமா எடுத்தார். எடுத்ததை நான் என் மாத்திரை டப்பாவுல போட்டு எடுத்துட்டு வந்தேன், அது வேற விஷயம். ஆஸ்பத்திரிக் குப்பையில உண்ணியை விட்டுட்டு வர முடியுமா? பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?

ஊசி போட்டதும் மூச்சு திரும்பிடுச்சு. பிழைச்சுட்டா, நீ பயப்படாதே. ஊர்ல இருக்கா. இனிமே ஒரு உண்ணி கடிச்சாலும் உயிருக்கே ஆபத்துன்னு சொல்லிட்டாங்களாம், மாடு கட்டின வீட்டுப் பக்கம் கூடப் போறதில்லையாம். இந்தப் படிப்பை விட்டுட்டா. எங்கயோ சின்னப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறதாக் கேள்வி. எனக்கு ஒரு போன் கிடையாது.

அவங்க அம்மா மறுநாள் வந்தாங்க. நான் சண்டை போடப் போறாங்கன்னு தயாரா இருந்தேன். ஆனா பொண்ணு கட்டிலுக்குப் பக்கத்துல ரெண்டு கையையும் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. நான் கிளம்புறப்போ வாசல் வரைக்கும் வந்தாங்க. "அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"ன்னாங்க. கேளுங்கன்னேன்.

"அந்த முயலுக்கு நெசமாவே அம்புட்டு வலிக்குமாம்மா?"

பாரு, படிக்காத அம்மா, அந்த நேரத்துலயும் ஒரு வாயில்லாப் பிராணியைப் பத்திக் கேட்கணும்னு தோணுது. நான் பொறுமையா உக்கார வெச்சு எல்லாம் சொன்னேன். எப்படி மழிப்பாங்க, எப்படி ஒட்டுவாங்க, எப்படித் தீனியை விட்டுடும், எப்படிக் கத்தவே கத்தாதுன்னு. அந்தம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அழுதாங்க. இளகின மனசு.

விசாரணை வெச்சாங்க. ஞானராஜ் சார் என்னை ஒரு வழி பண்ணிடலாம்னு பார்த்தார். ஆனா நாகஜோதியே சொல்லிட்டா, "மேடத்துக்குத் தெரியாது. நானாத்தான் செஞ்சேன். முயல் மேல வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, வைக்கல." அவ்வளவுதான். அந்த ஒரு உண்மையையாவது சொன்னாளே. ஆனா எனக்கு ஆத்திரம் அடங்கலம்மா. எத்தனை மாசம் என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்கா! எல்லாருக்கும் கேசரி கொடுத்தேனே! என்னைக் கட்டிப் பிடிக்க விட்டுட்டு, அந்தக் கைக்குள்ள அதை வெச்சிருந்திருக்காளே! ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமில்ல? இந்த ரூம் கதவு என்னைக்காவது மூடியிருந்திருக்கா? சொல்லு.

இப்போ சவ்வுல குடிக்குதான்னுதானே கேட்கிறே? குடிக்க வைக்கத்தான் நீ வந்திருக்கே. கமிட்டி இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கு. தை கழிச்சு வருவாங்க. முயலுக்குத் திரும்பிடுங்கன்னு எவ்வளவோ சொன்னாங்க, நான் அசையல. அந்த மாத்திரை டப்பாவுல வந்ததெல்லாம் முட்டை போட்டு, அதோட வம்சம்தான் உள்ள இருக்கு. இவ்வளவு திடமான குஞ்சு நாங்க பார்த்ததே இல்ல. ஆனா அதுக்கும் சீக்கிரம் தீனி வேணும். நாள் இல்ல.

உனக்குக் கட்டில் இருக்கு. புது ஃபேன்னு சொன்னேனே, அதேதான். சாமான் எல்லாம் நாளைக்கே கொண்டு வந்துடலாம். ஒரே ஒரு புது விதிதான் வெச்சிருக்கேன். தினம் காலையில வந்து என்கிட்டக் கையைக் காட்டணும். தோள் வரைக்கும். ரெண்டு காலையும்தான். உன் மேல சந்தேகம் இல்ல, ஒருத்தி பண்ணதுக்கு இனி எல்லாரையும் பார்க்க வேண்டியிருக்கு. எங்க, இப்போ ஒரு தடவை மடிச்சு விடு பார்ப்போம்.

ஏன் எழுந்துட்டே?

உக்காரும்மா. டீயைத் தொடவே இல்லையே. இதே மாதிரிதான் முன்ன வந்தவளும், அவளுக்கு முன்ன வந்தவளும். முழுசாக் கேட்டுட்டு, டீயை அப்படியே வெச்சுட்டு எழுந்துடுறீங்க. யார் மேல தப்புன்னு கேட்டேனே, அதுக்கு ஒருத்தியாவது பதில் சொல்லிட்டுப் போனீங்களா?

சரி, போறதுன்னா போ. கதவை மட்டும் மெதுவாச் சாத்து. பூசாரி சத்தத்துக்குப் பயப்படுவான்.